5ஜி போன் வாங்கலாமா? முதலில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள்

கையில் இருக்கும் 4ஜி போன் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னுமா 4ஜி?" என்று கேட்கிறார்கள், மாற்றலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 5ஜி முதன்மையாகத் தீர்ப்பது நெரிசலை. சிக்னலே எட்டாத அறைக்கு அதை நம்பிப் பணம் போடாதீர்கள். உங்கள் தொல்லை இந்த இரண்டில் எது என்று தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

தெரிந்துகொள்வது சுலபம். வைஃபையை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட மைஸ்பீடு ஆப் போதும். காலையில் 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) வந்து இரவில் இரண்டு, மூன்று என்று விழுந்தால் அது நெரிசல், அதாவது டவர் பக்கத்தில்தான் இருக்கிறது, தெருவே ஒரே நேரத்தில் அதைப் பிடித்துத் தொங்குகிறது. இரண்டு நேரமும் மோசம் என்றால் பெரும்பாலும் சிக்னல் கோளாறு. உறுதி செய்ய, ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் போய்ப் பாருங்கள், மைனஸ் போட்டு டிபிஎம் என்று ஓர் எண் இருக்கும், அதுதான் சிக்னலின் பலம். மைனஸ் 85 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டிப் போனால் பலவீனம். ஹாலில் ஒன்று, உள் அறையில் ஒன்று என்று நடந்து பாருங்கள், ஒரு கான்கிரீட் சுவர் எவ்வளவு தின்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஏன் இப்படி? 4ஜியில் ஒரு கேரியரின், அதாவது டேட்டா ஓடும் அலைப்பாதையின், அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ். 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து 5ஜியில் ஒரே மூச்சில் 100 மெகாஹெர்ட்ஸ் வரை கொடுக்கலாம். தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கிறதே, அந்த மாதிரி இடத்தில் இந்த அகலம்தான் கைகொடுக்கும். ஆனால் அதே அலைவரிசை தூரம் போகாது, சுவரைத் துளைப்பதிலும் மந்தம். 700 மெகாஹெர்ட்ஸ் நன்றாகத் துளைக்கும். 2022 ஏலத்தில் அதை வாங்கியது ஜியோ மட்டும்தான், அதிலும் அகலம் குறைவு என்பதால் வேகத்தில் பெரிய அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆக, வீட்டுக்குள் கால் கட்டாகிறது என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால், வீட்டில் பிராட்பேண்ட் இருக்கும்பட்சத்தில் வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வைஃபை வழியாகக் கால் பேசும் வசதி) ஆன் செய்து பாருங்கள், போன் அதை ஆதரித்தால் செலவே இல்லாமல் சரியாகிவிடும். வாட்ஸ்அப், யுபிஐ, கொஞ்சம் யூடியூப் என்று இருப்பவருக்கும், இரவில் பத்து எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. எச்டி வீடியோவுக்கே ஐந்து போதும்.

நெரிசல்தான் என்று உறுதியானால் மாற்றுங்கள். அதற்கு முன் உங்கள் பகுதியில் 5ஜி இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் உள்ள கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள், அதைவிட நம்பகமானது, 5ஜி போன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை உங்கள் வீட்டுக்கே கூப்பிட்டு டெஸ்ட் போடச் சொல்வது. எந்த நிறுவனம் என்பதும் முக்கியம், ஒரே தெருவில் ஒன்றுக்குப் பறக்கும், இன்னொன்றுக்குத் தவழும். நிறுவனத்தை மாற்றினாலே போதும் என்று தெரிந்தால், 'போர்ட்' (PORT) என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, இடம்விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலாக வரும் குறியீட்டு எண்ணைப் புது நிறுவனத்திடம் கொடுங்கள், அது நம் ஊரில் நான்கு நாள்தான் செல்லும்.

போன் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக 5ஜி என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பேண்டுகளை, அதாவது போன் பிடிக்கும் அலைவரிசைகளைப் பாருங்கள். என்78 (மேலே சொன்ன 3.5 கிகாஹெர்ட்ஸ்) கட்டாயம், ஜியோ என்றால் என்28-உம் (700 மெகாஹெர்ட்ஸ்) இருக்கட்டும். அப்புறம் எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஜியோ ஆரம்பம் முதலே 4ஜியைச் சாராமல் தனித்து நிற்கும் எஸ்ஏ, ஏர்டெல் 4ஜியின் மேல் ஏறி நிற்கும் என்எஸ்ஏவில் தொடங்கியது. பழைய 2020, 2021 மாடல்களில் ஒன்றிரண்டு பேண்டு மட்டுமே கொண்டவை உண்டு, செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அவைதான். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த போனுக்கும் இதே சோதனை.

இனி ரீசார்ஜ். அளவில்லா 5ஜி என்ற விளம்பரம் எல்லா பிளானுக்கும் பொருந்தாது, 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது ஜியோவும் ஏர்டெலும் அதைத் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் பிளான்களுக்கு என்று சுருக்கிவிட்டன. இப்போது என்ன நிலை என்று ரீசார்ஜ் செய்யும் முன் ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: போன் 5ஜியில் இருக்கும்வரைதான் கணக்கில்லை. உள் அறைக்குப் போனதும் 4ஜிக்கு இறங்கினால் அன்றைய 2 ஜிபியிலிருந்து கழியும், ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்கு அது எப்போது தீர்ந்தது என்றே தெரியாது. போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறிமாறித் தாவினால் பேட்டரியும் கரையும், அப்படிப்பட்ட இடத்தில் செட்டிங்ஸில் நெட்வொர்க் வகையை 4ஜியில் நிறுத்திவிடுவது உத்தமம்.

சிம்மை மாற்ற வேண்டுமா என்றால், ஜியோவிலும் ஏர்டெலிலும் இருக்கும் 4ஜி சிம்மே போதும். பிஎஸ்என்எல்லில் பழைய 2ஜி, 3ஜி சிம் வைத்திருப்பவர்கள்தான் 4ஜிக்கே சிம் மாற்ற வேண்டும், அதையும் அவர்கள் சேவை மையத்தில் நேரில் செய்யுங்கள். "உங்கள் சிம்மை 5ஜிக்கு மாற்றித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று போனில் யார் கேட்டாலும் அது மோசடி, உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி பேங்க் கணக்கில் கை வைப்பதற்கான வழி. ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருந்தால் உடனே பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-லும் புகார் கொடுத்துவிடுங்கள்.