மூளை அலையில் ஆளை அடையாளம் காணக் கிளம்பியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ராஜெக்ட் சீசன் தொடங்கினால் காரைக்குடியில் என் மேஜைக்கு இந்தத் தலைப்பு தவறாமல் வந்துவிடும். கைரேகையும் கருவிழியும் பழசாகிவிட்டதாம். இனி மூளை அலைதானாம். தலைப்பில் குறையில்லை. கண்ணை மூடினால் பின்மண்டையில் எழும் ஆல்ஃபா அலை 8 முதல் 13 ஹெர்ட்ஸுக்குள் வரும். அதன் உச்சம் ஒருவருக்கு 9-இல் நிற்கும், இன்னொருவருக்கு 11-இல். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அதைப் பிடிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். வயர் கழன்றது, பேட்டரி தீர்ந்தது மாதிரியானவை தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணெய்த் தலை

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தவனை அன்று மாலையே உட்கார வைக்காதீர்கள். நாம் அளப்பது மைக்ரோவோல்ட், வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நடுவே எண்ணெய்ப் படலம் இருந்தால் மின்தடை எகிறும். ஷாம்பூ போட்டு வரச் சொல்லுங்கள். தலையில் ஜெல் தடவி ஒட்டும் எலெக்ட்ரோடு என்றால் மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறக்கப் பாருங்கள்.

ஒரே நாளில் எல்லாப் பதிவும்

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சமீபத்தில் நாலு பேர் வந்தார்கள். லேப்டாப்பைத் திறந்ததும் 99 சதவீதம் சரியாக ஆளைச் சொல்கிறது என்றார்கள்.

"எப்படிப் பதிவு செஞ்சீங்க தம்பி?"

"ஆளுக்குப் பத்து நிமிஷம் சார். ஒரே நாள்ல முடிச்சிட்டோம்."

கோட்டையூரில் ஒருவன் வீட்டு வளவில் வைத்து எடுத்திருக்கிறார்கள். காலையில் வந்தவனுக்கு ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி. மதியம் வந்தவனுக்கு முற்றத்து வெயில், வியர்வை, சாப்பாட்டுத் தூக்கம். பதிவை இரண்டு விநாடித் துண்டுகளாக, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நறுக்கி, மொத்தமாகக் குலுக்கி, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20-ஐச் சோதனைக்கும் கொடுத்திருக்கிறார்கள். கரும்பலகையில் போட்ட கணக்கையே பரீட்சையில் கேட்டுச் சென்டம் வாங்குகிற கதைதான்.

துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நறுக்கினாலும் தப்ப முடியாது. எலெக்ட்ரோடு தொப்பி உட்கார்ந்த இடம், ஜெல்லின் ஈரம், வியர்வையில் மெல்ல ஏறி இறங்கும் பேஸ்லைன் (அலையின் அடிமட்டம்) எல்லாம் ஒரு தடவை மாட்டி எடுக்கும் செஷனுக்குள் அவ்வளவாக மாறாது. பதிவைப் பார்த்து ஆளைச் சொல்லப் பழகும் சாஃப்ட்வேரான மாடலுக்கு, ஆளைவிட செஷனைப் பிடிப்பது சுலபம்.

ஒருவனின் தொப்பியைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து திரும்ப மாட்டச் சொன்னேன். சாஃப்ட்வேர் அவனை அவன் ரூம்மேட் என்றது. "சார், நான்தானே?" என்று என்னையே கேட்டான்.

ஃபிசியோநெட் என்ற மருத்துவத் தரவு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 109 பேரின் மூளை அலைத் தொகுப்பிலும் இதே சிக்கல்: 64 சேனல், அதாவது தலையில் 64 இடத்துப் பதிவு இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒரே செஷன். ப்ரோகிராம் எழுதிப் பழகலாம். நாளைக்கும் இதே ஆள் தெரிவாரா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

சரி, என்னதான் செய்வது? சில நாள் இடைவெளி விட்டு மூன்று நாளாவது பதிவு செய்யுங்கள். கடைசி நாளைத் தொடாமல் வைத்து அதில் மட்டும் சோதியுங்கள். எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் சராசரியைக்கூட பயிற்சி நாட்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்புறம், ஒரே ஆளின் பதிவுகளைக் கலந்து கொடுத்து எது எந்த நாளுடையது என்று மாடலைக் கேளுங்கள். டக்கென்று சொல்லிவிட்டால், நாள் வாடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று புரியும். சதவீதம் கண்டிப்பாக இறங்கும். இறங்கிய எண்ணைத்தான் ரிப்போர்ட்டில் போட வேண்டும். "99 நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும் ப்ராஜெக்ட் கைடுகளோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

50 ஹெர்ட்ஸ் ஃபில்டர்

கரண்ட் லைனிலிருந்து பதிவில் கலக்கும் இரைச்சலை நீக்க நம் ஊரில் 50. அமெரிக்கப் பதிவுக்கு 60.

பல்லைக் கடிப்பவர்

20 ஹெர்ட்ஸுக்கு மேலே தாடைத் தசையின் மின்சாரம் தாராளமாகக் கலக்கும். உங்கள் மாடல் அந்தப் பகுதியையே நம்பியிருந்தால், அது படிப்பது மூளையா தாடையா என்று பாருங்கள்.

வெறும் சதவீதம்

20 பேரில் ஒருவர் மட்டும் உண்மையானவர் என்றால், எல்லாரையும் வெளியே தள்ளும் மாடலுக்கும் 95 சதவீதம் கிடைக்கும். தவறாக உள்ளே விட்டது எவ்வளவு, தவறாகத் தடுத்தது எவ்வளவு என்று தனித்தனியே எழுதுங்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று முன்னுரையில் அளப்பது

அது வேறு சோதனை. சம்மதமில்லாமல் ஒருவருக்கு நார்கோ, பாலிகிராஃப், மூளை மின் அலைச் சோதனை எதுவும் செய்யக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. உங்கள் நண்பர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இ.இ.ஜி.யில், அதாவது இந்த மூளை அலைப் பதிவில், வலிப்பு நோயின் தடயம்கூடத் தெரியலாம். பெயர் போட்ட ஃபைலை வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பாதீர்கள்.