'லாஸ்ட்' எபிசோடு ஒன்றைப் பார்த்தபின் கருத்து எழுதும் முறை

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பறந்த ஓஷியானிக் 815 விமானம் தீவொன்றில் விழுந்து நொறுங்குவதில் தொடங்கும் 'லாஸ்ட்' தொடரை, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 2004 செப்டம்பர் 22 முதல் 2010 மே 23 வரை ஆறு சீசன்களாக ஒளிபரப்பியது. உயிர் பிழைத்தவர்கள் உணவும் நீரும் தேடும் கதையோடு, காட்டுக்குள் உறுமும் கரும்புகை, வெப்பத் தீவில் திரியும் துருவக் கரடி, மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் இரும்புக் கதவு என்று புதிர்களும் வளர்ந்துகொண்டே போனதால், எபிசோடு முடிந்த அன்றிரவே அதைப் பிரித்துப் பேசுவது ரசிகர்களுக்குத் தொடரைப் பார்ப்பதன் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. தொடரை ஒருமுறை முடித்துவிட்டு, மறுபடியும் எபிசோடு எபிசோடாகப் பார்த்துக் கருத்து எழுத விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் முக்கியமான திருப்பங்களும் தொடரின் முடிவும் வெளிப்படையாக வருவதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்து முடித்துவிட்டு இதைப் படிப்பது நல்லது.

முதலில் எபிசோடை நடுவில் நிறுத்தாமல் முழுவதும் பாருங்கள். முடிந்தவுடன், பிறர் என்ன சொன்னார்கள் என்று தேடுவதற்கு முன்பே, மனத்தில் தங்கிய காட்சியையும் அது எழுப்பிய உணர்வையும் நான்கைந்து வரிகளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறருடைய கருத்தைப் படித்த பிறகு நம்முடைய முதல் உணர்வைத் தனியே பிரித்தெடுப்பது ஏறத்தாழ இயலாத காரியம் என்பதால், இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் கையில் குறிப்பேடு வேண்டும். 2004 அக்டோபர் 13 அன்று ஒளிபரப்பான, முதல் சீசனின் நான்காவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் பன்றி வேட்டையாடும் ஜான் லாக், விபத்துக்கு முன் சக்கர நாற்காலியில் இருந்தவர் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. மறுபடி பார்த்தால், பிளாஷ்பேக் காட்சிகளில் அவர் அலுவலக மேசைக்குப் பின்னால் அமர்ந்தோ படுக்கையில் இருந்தபடி தொலைபேசியில் பேசிக்கொண்டோதான் தென்படுகிறார். எபிசோடின் தொடக்கத்திலேயே கேமரா அவருடைய பாதத்தின் அசைவைக் காட்டிவிடுகிறது. இப்படி எதையும் மறைக்காமலேயே பார்வையாளரை ஏமாற்றும் இடங்களைக் காட்சியோடு சேர்த்துச் சொன்னால், படிப்பவர் தானே திரும்பிச் சென்று சரிபார்த்துக்கொள்ள முடியும். 'அருமையான திருப்பம்' என்று மட்டும் எழுதினால் அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

குறிப்பெடுக்கும்போது, திரையில் நேரடியாகக் கண்டது, ஒரு பாத்திரம் சொன்னது, நாமாக ஊகித்தது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள் என்பேன். 2006 மார்ச் 29 அன்று ஒளிபரப்பான, அந்த இரும்புக் கதவுக்கு அடியிலுள்ள நிலவறையின் கனத்த தடுப்புக் கதவுகள் இறங்கி லாக்கின் கால் சிக்கிக்கொள்ளும் எபிசோடு இதற்குச் சரியான பயிற்சிக் களம். அந்த நிலவறையில் 108 நிமிடங்களுக்கு ஒருமுறை 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களைக் கணினியில் பதிந்து பொத்தானை அழுத்த வேண்டும். லாக்கால் நகர முடியாததால், ஹென்றி கேல் என்ற பெயரில் அங்கே அடைபட்டிருக்கும் கைதி காற்றுக்குழாய் வழியாக ஊர்ந்து செல்கிறான். விளக்குகள் அணைகின்றன, கதவுகள் மேலே ஏறுகின்றன. அவன் எண்களைப் பதிந்தானா என்பதைத் திரை நமக்குக் காட்டுவதில்லை. அடுத்த எபிசோடில், தான் எதையுமே அழுத்தவில்லை என்று அவன் லாக்கிடம் சொல்கிறான். அந்தச் சொல்லை உண்மையாக எடுத்துக்கொண்டு, பொத்தான் வெறும் உளவியல் சோதனை என்று முடிவு கட்டியவர்கள், பாத்திரம் சொன்னதைத் தாங்கள் கண்டதாகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சீசனின் இறுதியில் பொத்தான் அழுத்தப்படாமல் போனபோது நிலவறையே அழிந்தது. இத்தனைக்கும், அவன் பெயரே பொய் என்பது கதவுகள் இறங்கிய அதே எபிசோடின் முடிவில், உண்மையான ஹென்றி கேலின் கல்லறையைத் தோண்டிப் பார்த்த, உயிர் பிழைத்தவர்களில் ஒருவரான சயீதின் வாயிலாக நிரூபிக்கப்பட்டிருந்தது. பென் லைனஸ் என்று பின்னர் நாம் அறியும் இந்த மனிதன் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'பென் சொன்னது' என்று தனியே அடையாளமிட்டு வையுங்கள்.

காட்சியை நிறுத்தி வைத்துப் பார்ப்பது எப்போது பயன்படும் என்பதற்கும் இதே எபிசோடு விடை தருகிறது. விளக்கணைந்த சில நொடிகளில், புற ஊதா ஒளியில், கதவின் மீது கையால் வரையப்பட்ட வரைபடம் ஒன்று தோன்றி மறைகிறது. ரசிகர்கள் அந்தச் சட்டகத்தை நிறுத்தி, பெரிதாக்கி, அதிலிருந்த லத்தீன் வாசகங்கள் வரை படியெடுத்தார்கள். உருவாக்கியவர்களே படிக்கச் சொல்லி வைத்த இடம் அது. மூன்றாவது சீசனின் இறுதி எபிசோடில் வரும் ஈமச்சடங்கு நிலையத்தின் பெயர்ப் பலகையும் அப்படித்தான்: 'ஹாஃப்ஸ் டிராலர்' என்ற அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் 'ஃபிளாஷ் ஃபார்வர்ட்' என்று வரும். உயிர் பிழைத்தவர்களை வழிநடத்திய மருத்துவர் ஜாக் தாடியோடு தடுமாறும் காட்சிகள் கடந்த காலம் அல்ல, எதிர்காலம் என்ற விடை அந்தப் பலகையிலேயே இருந்தது. ஆனால் பின்னணியில் தெரியும் ஒவ்வொரு எண்ணையும் புத்தக அட்டையையும் இதே எடையோடு நடத்தினால் கட்டுரை பொருட்பட்டியலாக மாறிவிடும். கதையில் யாரோ ஒருவருடைய முடிவை அது மாற்றுகிறதா என்று பார்த்து, மாற்றும் தடயத்தை மட்டும் விரித்து எழுதுங்கள்.

ஒரு தியரியை முன்வைப்பதானால், அது எந்தக் காட்சியில் தொடங்குகிறது, இனி எது நடந்தால் அது தவறாகிவிடும் என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். எல்லோரும் விபத்திலேயே இறந்துவிட்டார்கள், தீவு என்பது பாவக் கழுவாய்க்கான இடைநிலை என்ற தியரி முதல் சீசனிலேயே பரவியது. தயாரிப்பாளர்கள் அதைத் தொடக்கத்திலேயே மறுத்தும் அது நிலைத்திருந்ததற்குக் காரணம், எந்தக் காட்சியாலும் பொய்யாக்க முடியாதபடி அது நெகிழ்வாக இருந்ததுதான். எல்லாவற்றையும் விளக்கிவிடும் தியரி அந்த எபிசோடைப் பற்றித் தனியாக எதையும் சொல்வதில்லை.

காலம் குழம்பும் எபிசோடுகளுக்கு மட்டும் ஒரு தனி உத்தி தேவை. 2008 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான எபிசோடில், முன்பு நிலவறையில் பொத்தானை அழுத்தி வந்த டெஸ்மண்டின் நினைவு 1996-க்கும் 2004-க்கும் இடையே தாவுகிறது. தாளை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் 1996-இல் நடப்பவற்றையும் மறுபுறம் 2004-இல் நடப்பவற்றையும் எழுதிப் பாருங்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அழைப்பேன் என்று சொல்லித் தன் முன்னாள் காதலி பென்னியிடம் அவளுடைய தொலைபேசி எண்ணை அவன் கேட்டு வாங்கும் காட்சி ஒருபுறமும், அவள் அந்த அழைப்பை எடுக்கும் காட்சி மறுபுறமும் நேருக்கு நேர் வந்து நிற்கும். அந்தத் தாளைப் பார்த்தாலே, இது காலப்பயணத்தின் விதிகளை விளக்க வந்த கதை அன்று, ஒருத்தி ஓர் எண்ணை மாற்றாமல் எட்டு ஆண்டுகள் காத்திருந்த கதை என்பது விளங்கும். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த எபிசோடு இதுதான். பல ரசிகர்களும் இதை உச்சியில் வைப்பதற்குப் புதிரைவிட அந்தத் தொலைபேசி அழைப்பே காரணம் என்று நம்புகிறேன்.

பிடிக்காத எபிசோடைப் பற்றித் தயங்காமல் எழுதலாம். ஆனால் குறையை எபிசோடின் மீது வையுங்கள், நடிகர்கள் மீது அல்ல. ஜாக்கின் கையில் குத்தியுள்ள பச்சைக்கு விளக்கம் சொல்லும் மூன்றாவது சீசன் எபிசோடு பலருக்கும் சலிப்பூட்டியது. அதில் குறை எங்கே என்று தேடினால், தொடர் எப்போது முடியும் என்பது உறுதியாகாத நிலையில் கதை நின்ற இடத்திலேயே சுற்றியது புலப்படும். 2007 மே மாதத்தில், 2010-இல் தொடர் நிறைவடையும் என்று ஏபிசி அறிவித்தது. அதன் பிறகு வந்த சீசன்களின் வேகத்தை ஒப்பிட்டு எழுதினால் உங்கள் குறைக்கு ஆதாரம் சேரும். திடீரென நுழைக்கப்பட்ட நிக்கி, பாலோ என்ற இருவரையும் ரசிகர்கள் ஏற்காததும் இதே சீசனில்தான். 2007 மார்ச் 28 எபிசோடில் அவர்கள் உயிரோடு புதைக்கப்பட்டார்கள். ரசிகர்களின் குரல் எழுத்தாளர் அறை வரை போய்ச் சேர்ந்த காலம் அது என்பதையும் நினைவில் வைத்து, சொல்லை அளந்து எழுதுங்கள்.

இறுதி எபிசோடை எழுத அமரும்போது, கதை முடிந்தபின் பெயர்ப் பட்டியலோடு வரும் ஆளற்ற விமானச் சிதைவுக் காட்சிகளை ஒதுக்கிவிடுங்கள். மனம் அமைதி பெறட்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் சேர்த்த அந்தப் படங்களைப் பார்த்தே, எல்லோரும் முதல் நாளே இறந்துவிட்டார்கள் என்று பலர் புரிந்துகொண்டார்கள். ஜாக்கிடம் அவன் தந்தை கிறிஸ்டியன், தீவில் நடந்தவை உண்மையாகவே நடந்தவை என்று தெளிவாகச் சொல்லும் உரையாடலை மறுபடி கேட்டு, உங்கள் வாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

எழுதி முடித்தபின், முதல் பத்தியிலும் தலைப்பிலும் திருப்பம் எதுவும் வெளிப்படவில்லை என்பதைச் சரிபாருங்கள். எந்த எபிசோடு வரை பார்த்தவர் இதைப் படிக்கலாம் என்பதை, சீசன் எண்ணும் எபிசோடு எண்ணும் தந்து முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். 'ஸ்பாய்லர் உண்டு' என்ற பொதுவான எச்சரிக்கை, இரண்டாவது சீசனில் இருப்பவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லாது.