பழைய தோல் ஜாக்கெட்: எங்கே தேடுவது, வயதை எப்படிக் கண்டுபிடிப்பது

பழைய தோல் ஜாக்கெட் தேட நல்ல மாதம் ஜூலை. நியூ ஜெர்சியில் வெயில் கொளுத்தும்போது கடைகளில் ஜாக்கெட் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அக்டோபர் பிறந்தால் குளிருக்கு வாங்குகிறவர்களும் ஹாலோவீன் வேடத்துக்கு வாங்குகிறவர்களும் வந்துவிடுவார்கள், விலையும் ஏறிவிடும்.

நான் இருப்பது எடிசனில். குட்வில், சால்வேஷன் ஆர்மி போன, நன்கொடையாக வந்த பழைய துணி விற்கும் கடைகளுக்குப் போனால் ஆண்கள் பகுதியோடு திரும்பிவிடாதீர்கள். துணி பிரிக்கிறவர்கள் அவசரத்தில் எங்கே வேண்டுமானாலும் மாட்டிவிடுவார்கள். பழைய ஜாக்கெட்டுகள் அளவில் சிறியவை என்பதால் பெண்கள் கோட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அப்புறம், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். வரிசை நெடுகக் கையை ஓட்டிக்கொண்டே போங்கள். தோல் கையில் பட்டால் சில்லென்று, கனமாக இருக்கும், உடனே தெரிந்துவிடும்.

வீட்டைக் காலி செய்கிறவர்கள் நடத்தும் எஸ்டேட் சேல் இன்னும் நல்லது. அடித்தள அலமாரியைப் பாருங்கள். கடைசி நாளில் பெரும்பாலும் பாதி விலைக்குத் தருவார்கள். லாம்பர்ட்வில்லில் உள்ள கோல்டன் நக்கெட் சந்தைக்கும், மாசசூசெட்ஸில் மே, ஜூலை, செப்டம்பரில் கூடும் பிரிம்ஃபீல்ட் சந்தைக்கும் போகலாம். ஆனால் அங்கே விற்கிறவர்களுக்கு விலை தெரியும். நான் அங்கே போவது அசல் பொருளைத் தொட்டுப் பார்த்துப் பழகத்தான்.

கையில் ஒன்று சிக்கியதா? முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். பாக்கெட் ஓரத்திலோ கீழ் மடிப்பிலோ வெட்டு விளிம்பு தெரியும். நார் நாராக இருந்தால் தோல். நெய்த துணி மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் ரெக்ஸின் வகை, திரும்ப மாட்டிவிடுங்கள்.

அடுத்து, என்ன தோல். நான் ஆம்பூர்க்காரி. மாமா டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். மயிர்க்கால் புள்ளிகளைப் பார் என்பார். மாட்டுத்தோலில் புள்ளிகள் பரவலாகத் தெரியும். ஆட்டுத்தோலில், அதாவது வெள்ளாடு, பொடிக்கல் பரப்பியது போல மேடும் பள்ளமுமாக இருக்கும். செம்மறித்தோல் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் கிழியும். குதிரைத்தோலில் புள்ளியே தெரியாத வழவழப்பு, ஒரு பளபளப்பு, மடித்தால் விறைப்பு. அமெரிக்காவில் டிராக்டரும் காரும் வந்து குதிரைகள் குறைந்ததால், 1950-களில் ஜாக்கெட் செய்கிறவர்கள் மெல்ல மாட்டுத்தோலுக்கு மாறினார்கள். ஆகவே குதிரைத்தோல் என்றால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், உறுதியில்லை. இன்றும் பழைய மாதிரியில் குதிரைத்தோல் ஜாக்கெட் தைத்து எக்கச்சக்க விலைக்கு விற்கிறார்கள்.

வயதைச் சொல்வதில் என் முதல் சாட்சி ஜிப். டேலன் என்ற பெயரை இழுப்பானில் பார்த்தால் நின்று கவனியுங்கள். பென்சில்வேனியாவின் மெட்வில் ஊரில் 1913-இல் ஹுக்லெஸ் ஃபாஸ்னர் என்று தொடங்கிய நிறுவனம் அது. 1937-இல் டேலன் என்றே பெயரை மாற்றிக்கொண்டது. மணி வடிவ இழுப்பான் பெரும்பாலும் 1950-களுக்கு முந்தையது. ‘டேலன் 42’ என்றிருந்தால் 1960-கள், 70-கள். கிரவுன், கான்மார் என்பவையும் பழைய பெயர்கள்தான். ஒய்கேகே (YKK) என்ற ஜிப் கம்பெனி ஜப்பானில் 1934-இலேயே தொடங்கினாலும் ஜார்ஜியாவின் மேக்கனில் ஆலை திறந்தது 1974-இல். அமெரிக்க ஜாக்கெட்டில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் எழுபதுகளுக்கு முன்னால் போக நான் தயங்குவேன்.

ஆனால் ஜிப்தான் முதலில் பழுதாகும் பாகம், மாற்றியிருப்பார்கள். அதனால் முன்பக்க ஜிப்பைக் கைப்பகுதி ஜிப்போடும் பாக்கெட் ஜிப்போடும் ஒப்பிடுங்கள். முன்பக்கம் மட்டும் வேறு கம்பெனியாக இருந்து, அதைச் சுற்றி இன்னொரு வரிசை ஊசித்துளை தெரிந்தால், பாக்கெட் ஜிப் சொல்வதை நம்புங்கள்.

லேபிளில் படம், பெயர் எல்லாம் அப்புறம். சின்ன எழுத்தில் உள்ள எண்தான் வேண்டும். அமெரிக்க அரசு உடைக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் பதிவு எண் அது. டபிள்யூபிஎல் (WPL) எண் என்றால் அந்த எண் 1941-க்கும் 1959-க்கும் இடையில் கொடுக்கப்பட்டது. ஆர்என் (RN) எண்கள் 1959-இல் 13670-லிருந்து புதிய வரிசையாகத் தொடங்கின. அந்த எண் யாருக்குச் சொந்தம் என்பதை அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் தளத்தில் கடையில் நின்றபடியே தேடலாம். எண் கம்பெனிக்குத்தான், ஜாக்கெட்டுக்கு அல்ல. 1950-இல் எண் வாங்கிய கம்பெனி 1980-லும் அதையே அச்சடித்திருக்கும்.

லேபிள் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு, அதாவது அஞ்சல் எண், இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தையது. லைனிங்கில் இத்தனை சதவீதம் நைலான், பாலியஸ்டர் என்று நூல் விவரம் இருந்தால் பெரும்பாலும் 1960-க்குப் பிறகு. உள்பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் தொழிற்சங்க லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்கள் உடைக்கு அமால்கமேடட் குளோதிங் வொர்க்கர்ஸ் சங்கத்தின் லேபிள் இருக்கும். அந்தச் சங்கம் 1976-இல் நெசவுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து பெயர் மாறியது. தின்சுலேட் (குளிர் தாங்க உள்ளே வைக்கும் செயற்கை நார்) என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் எண்பதுகளோ அதற்குப் பிந்தையதோதான்.

இத்தனை சாட்சிகளும் வேறு வேறு ஆண்டைச் சொன்னால் மிகப் பிந்தையதை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மாற்றாத பாகம் எதுவோ, அதைவிட ஜாக்கெட் மூத்ததாக இருக்க முடியாது.

விற்கிறவர்கள் அதிகம் கதை விடுவது ஏ-2 விமானி ஜாக்கெட்டில். அமெரிக்க ராணுவ விமானப் படை 1931-இல் ஏற்று, 1943-இல் நிறுத்திய ஜாக்கெட் அது. அமெரிக்க விமானப் படை 1988-இல் அதை வெள்ளாட்டுத் தோலில் மறுபடி கொண்டுவந்தது, கடைகளிலும் அந்த மாதிரி குவிந்தது. சோதனை எளிது. கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளப் பக்கவாட்டில் நுழைக்கும் பாக்கெட் இருக்கிறதா? இருந்தால் இரண்டாம் உலகப் போர்க்கால அசல் இல்லை. அசலில் மூடி போட்ட இரண்டு முன்பாக்கெட்டுகள் மட்டும்தான். அளவும் 38, 40 என்று எண்ணாக இருக்கும்.

மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டில் எல்லோரும் தேடுவது ஷாட் கம்பெனியின் பெர்ஃபெக்டோ. 1928-இல் ஐந்தரை டாலருக்கு விற்றதாம், இர்விங் ஷாட் தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரை வைத்தார். அந்தக் கம்பெனியின் ஆலை இங்கே பக்கத்து ஊரான பெர்த் ஆம்பாயில் பல வருடம் இருந்தது. இந்தப் பகுதிப் பழைய கடைகளில் அது தலைகாட்டினால் ஆச்சரியமில்லை.

‘மேட் இன் இந்தியா’ லேபிளைச் சேகரிப்பவர்கள் மதிப்பதில்லை. நான் மதிப்பேன். 1970-களில் இந்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுமையாகச் செய்து முடித்த பொருளாக அனுப்பச் சொன்ன பிறகுதான் சென்னைப் பக்கத்துத் தோல் உடைகள் பெருவாரியாக வெளியே போயின. ஆகவே அவை பெரும்பாலும் எண்பதுகள், அதற்குப் பிந்தையவை. தையல் நன்றாக இருந்து இருபது டாலருக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்குமுன் அக்குள், முழங்கை, காலர் மடிப்பு மூன்றையும் விரித்துப் பாருங்கள். கீறல் மேலோடு இருந்தால் பரவாயில்லை. மடித்ததும் வெடிப்பு உள்வரை போனால் மருந்தில்லை. விரலில் செம்பொடி ஒட்டினால் தோல் உளுத்துவிட்டது. பாச்சா உருண்டை வாசனை காற்றாட நிழலில் தொங்கவிட்டால் மெல்லக் குறையும், பூஞ்சை வாசனை லேசில் போகாது. லைனிங் கிழிசல் தையல்காரர் வேலை, அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.