டீச்சர், சிலம்பை எடை போட்டிருக்கலாமே!

பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதை சொல்லித்தரப் போகிறீர்கள் என்றால், கொலையிலிருந்து தொடங்காதீர்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் தொடங்கினேன். “ஒரு மர்மக் கதை எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றதும் எல்லா நோட்டிலும் அமாவாசை, பாழடைந்த பங்களா, ஓர் அலறல். கடைசிப் பத்தியில் இன்ஸ்பெக்டர் வந்து யாரையோ பிடித்துக்கொண்டு போய்விடுவார். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது மட்டும் எந்த நோட்டிலும் இல்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை. அதை நான் சொல்லித்தரவே இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். என் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் கொலுசு வேலை. பள்ளி விட்டுப் போனதும் சலங்கை கோக்க உட்கார்கிற பிள்ளைகள். அதனால் இப்போதெல்லாம் நான் கையில் எடுக்கும் முதல் வழக்கு சிலப்பதிகாரத்துக் கோவலனுடையது.

கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. கதையை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஒவ்வொரு செய்தியும் எந்தப் பக்கம் போகும் என்று பிள்ளைகளையே கேட்பேன். கோவலன் கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது: பார்த்தது. அது அரசியின் சிலம்பு என்று பொற்கொல்லன் சொன்னது? வகுப்பு கொஞ்சம் தடுமாறும். “அவன் சொன்னான், அவ்வளவுதான்” என்று யாராவது சொல்லும்வரை காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் கொலைப்பட வேண்டியவன் அல்லன் என்கிறார்கள். அதுவும் வலப்பக்கம்தான், முகத்தைப் பார்த்து நினைத்தது. உடனே பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களின் எட்டு வழிகளை அடுக்குகிறான். அந்த எட்டும் வலப்பக்கம். பாடம் முடியும்போது இடப்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஓர் உயிர் போயிற்று. ‘தேரான் ஆகி’ என்று இளங்கோ பாண்டியனைச் சொல்வதையும், ‘தேரா மன்னா’ என்று கண்ணகி அவனைக் கூப்பிடுவதையும் அப்போது எழுதிப் போடுங்கள். தேர்தல் என்றால் ஆராய்தல். அகராதி இல்லாமலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அடுத்த நாள் வழக்குரை காதை. இங்கே அவசரப்படாதீர்கள். என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே கிடந்து ஒலிக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எம்முடையது முத்து என்கிறான் அரசன். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சிலம்பு உடைகிறது. உடைத்துவிட்டுக் கேட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் பதிலை மாற்றிச் சொல்லியிருக்கலாம். சோதனைக்கு முன்பே பதிலைப் பதிவு செய்வது, நல்ல துப்பறியும் கதையின் உயிர்நாடி. இதற்கு மேல் ஓர் எடுத்துக்காட்டை நான் தேடுவதில்லை.

போன வருடம் இந்த இடத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பட்டறை வீட்டுப் பிள்ளை, அதிகம் பேசாதவன். “உடைக்காமலே தெரிஞ்சிருக்கும் டீச்சர். எடை போட்டிருக்கலாமே. எங்க வீட்டுல ஜோடியா தராசுல போட்டுத்தான் பார்ப்பாங்க.” வகுப்பு அமைதியாகிவிட்டது. அறிவியல் ஆசிரியரைக் கூப்பிட்டு விட்டோம். முத்தின் ஒப்படர்த்தி சுமார் 2.7, மாணிக்கத்துக்கு 4. ஒரே அளவுப் பரல் என்றால் மாணிக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். சரி, வழக்கு முடிந்தது என்று நினைத்தால் முன்வரிசையில் ஒரு பெண், “பொன்னு கூடக்குறைய இருந்தா?” என்றாள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. உங்கள் ஊரில் நெசவோ, மாம்பழ மண்டியோ, ஜவ்வரிசி ஆலையோ எது இருக்கிறதோ, அந்த வேலை தெரிந்த பிள்ளை துப்பறிவாளனாகிற மாதிரி ஒரு வழக்கைக் கொடுங்கள். மதிப்பெண்ணில் பின்தங்குகிற பிள்ளை தலைநிமிர்கிற இடம் அது.

ஒன்றில் மட்டும் நான் கறார். இந்தக் கதையில் குற்றவாளி ஒரு பொற்கொல்லன். என் வகுப்பில் நகைவேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருடியது அவன் தொழில் அல்ல, அவன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் எழுதும் கதைகளிலும் வாட்ச்மேன், வீட்டுவேலை செய்கிற அக்கா, வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் இவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். அப்படி எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, “பார்த்தது எங்கே?” என்று மட்டும் ஓரத்தில் எழுதுவேன். கோவலனும் மதுரைக்கு வெளியூர்க்காரன்தான்.

துப்பறியும் கதையின் வரலாற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். 1841ல் எட்கர் ஆலன் போ, 1887ல் ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதை, தமிழில் 1894ல் நடேச சாஸ்திரியின் தானவன். அப்புறம் எழுத வைத்துவிடுங்கள்.

எழுதும்போது கடைசியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். யார் செய்தது, ஏன், எந்த ஒரு பொய்யால் மாட்டிக்கொள்கிறார், இந்த மூன்றையும் தனித்தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் கதை. கொலை வேண்டாம். காணாமல்போன குடை, சாப்பாட்டு டப்பாவிலிருந்து மறைந்த தட்டுவடை செட், இவை போதும். பொய்தான் முக்கியம். ஏற்காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன். சந்தேகத்துக்கு ஆளானவர், “டிசம்பர் லீவில் எஸ்டேட்டில்தான் இருந்தேன், காப்பிப்பூ வாசம் ஆளைத் தூக்கியது” என்கிறார். காப்பி பூப்பது கோடை மழை விழும் மார்ச், ஏப்ரலில். டிசம்பரில் செடியில் இருப்பது சிவந்த பழம், பறிக்கிற காலம். அந்த ஒரு வாசத்தில் ஆள் மாட்டிக்கொண்டார். அழகு என்னவென்றால், அவள் அந்தத் தடயத்தை மூன்றாவது பத்தியிலேயே, ஒரு பாட்டி பழம் பறித்துக்கொண்டிருக்கிற காட்சியாக, எல்லார் கண்முன்னும் வைத்திருந்தாள். மறைத்து வைக்கவில்லை.

நேரத்தை வைத்து எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஏற்காடு மலைப்பாதையையே கொடுப்பேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் ஒருவரைப் பார்த்ததாக ஒரு சாட்சி, அதே நேரம் அடிவாரத்தில் டீ குடித்ததாக இன்னொரு சாட்சி. யார் சொல்வது பொய் என்பதை முதலில் அட்டவணை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

கதைகள் முடிந்ததும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வாசிப்பு. எழுதியவரே வாசிக்க வேண்டும், முடிவுக்கு முந்தைய பக்கத்தில் நிறுத்த வேண்டும். மற்றவர்கள் ஒரு சீட்டில் ஆள் பெயரையும், எந்த வரியை வைத்துச் சொல்கிறோம் என்பதையும் எழுதி டப்பாவில் போடுவார்கள். வரி எழுதாத சீட்டு செல்லாது. பெயர் சரியாக இருந்தாலும் செல்லாது. ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை என்றால் தடயம் போதவில்லை, எல்லாருமே சொல்லிவிட்டால் கொட்டிவிட்டோம். இரண்டிலும் கதை வீட்டுக்குப் போய்த் திரும்பவும் வரும். நாலைந்து பேர் மட்டும் கண்டுபிடித்து, மற்றவர்கள் “அய்யோ, அந்தப் பாட்டி!” என்று கத்தினால், அந்தக் கதையை வகுப்புச் சுவரில் ஒட்டுகிறோம்.