கேம்பர் இழுக்க ஃபோர் வீல் டிரைவ்: எடைக் கணக்கில் தொடங்குங்கள்

ஆஸ்திரேலியாவின் செம்மண் சாலைகளில் கேம்பர் ட்ரெய்லரோடு (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள ட்ரெய்லர்) சுற்ற வண்டி தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ‘3,500 கிலோ இழுக்கும்’ என்ற விளம்பர வரியை. அதைக் கடைசியில் பாருங்கள். ஆளும் சாமானும் ஏறிய பிறகு வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை ஜிவிஎம். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை ஜிசிஎம். இவை இரண்டும்தான் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒரு டபுள் கேப் பிக்கப்பின் வெற்று எடை 2,150 கிலோ, ஜிவிஎம் 3,100, ஜிசிஎம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். 3,500 கிலோ ட்ரெய்லரை மாட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,500. ஆள், சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து 350 கிலோதான்! அதனால் நிறை சுமையோடு 1,500 கிலோவைத் தாண்டாத கேம்பரே இப்படிப்பட்ட வண்டிக்கு நிம்மதி.

அப்போதும் ஜிவிஎம் கணக்கு உண்டு. கொக்கியில் இறங்கும் பாரம் ட்ரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ. நால்வர் குடும்பம் 240, முன் பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள் கருவி) 90, பின்புறத் தொட்டியை மூடும் கூடு 120, இழுப்பறையும் ஃபிரிட்ஜும் 110, கூடுதல் டீசல் 50, இரண்டாவது ஸ்டெப்னி 35, கருவிகள் 60. கூட்டினால் 855. அனுமதி 950. மிஞ்சும் 95 கிலோவில் பெரும்பகுதியைக் கூரைக் கூடாரம் ஒன்றே தின்றுவிடும்.

சுமை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பிக்கப்பில் கனமான பொருளைப் பின் ஆக்சிலுக்கு அப்பால் அடுக்கி, ட்ரெய்லரையும் மாட்டி, தொங்கும் பின்புறத்தைத் தூக்க, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர்பேக் வைக்கிறார்கள். லீஃப் ஸ்பிரிங் இரு முனைகளில் தாங்கிய பாரத்தை ஏர்பேக் சேஸியின் ஒரே புள்ளியில் குவிக்கிறது. பள்ளத்தில் விழும்போது சேஸி அங்கேயே வளைந்துவிடும். சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போடுங்கள். தண்ணீர், பேட்டரி, கருவிகளை ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள்.

டயர் எல்டி (கனமான சுமை தாங்கும்) வகை ஆல் டெரெய்ன், அதாவது எல்லாத் தரைக்கும் ஏற்றது. காற்றழுத்தம் தார்ச்சாலையில் 38 பிஎஸ்ஐ, அலையலையான சரளைப் பாதையில் 28, மணலில் 18. ட்ரெய்லர் டயரிலும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். 18-ல் ஓடும்போது 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் காற்று 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால், புறப்படும்போது வைத்த காற்று குறைவு, அல்லது சுமையும் வேகமும் அதிகம்.

ஃபிரிட்ஜ் போன்றவற்றின் மின்சாரத்துக்கு இரண்டாவதாக 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, ஓடும்போது அதைச் சரியான மின்னழுத்தத்தில் நிரப்ப 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தைத் தானாகக் குறைப்பதால், இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் வெறும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) வைத்தால் இரண்டாவது பேட்டரி நிரம்பவே நிரம்பாது. லித்தியத்தை எஞ்சின் அறையில் வைக்காதீர்கள், சூட்டில் கெடும். இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே 16 சதுர மி.மீ. கம்பி போதும். அதன் ஃபியூஸ் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒட்டினாற்போல் இருக்கட்டும். தள்ளி வைத்தால், இடையில் கம்பி உரசினாலே தீப்பிடிக்கும்.

750 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். எலக்ட்ரிக் பிரேக் என்றால் அதன் கட்டுப்பாட்டுக் கருவி ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கரடுமுரடான பாதைக்கு 50 மி.மீ. உருண்டைக் கொக்கியைவிட எல்லாப் பக்கமும் சுழலும் ஆஃப் ரோடு கப்ளிங் நல்லது. மணலில் சிக்கினால் அந்த உருண்டையில் ஒருபோதும் பட்டையை மாட்டி இழுக்காதீர்கள். அது உடைந்து குண்டுபோலப் பாய்ந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. எடைத்திறன் பொறித்த மீட்புக் கொக்கிகளை சேஸியோடு போல்ட் போட்டுப் பொருத்துங்கள்.

எல்லாம் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் என்று தனித்தனியாக எடை போடுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் ஆக்சில் வரம்பைத் தாண்டுவது அடிக்கடி நடப்பது.

முதல் 100 கி.மீ.க்குப் பின் எல்லா வீல் நட்டுகளையும் டார்க் ஸ்பேனரால் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்கள். ட்ரெய்லர் ஹப்புகளை (சக்கரத்தின் நடுப்பகுதி) லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் பேரிங் அல்லது பிரேக் பிடித்திருக்கிறது. அதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.