கையெழுத்துக்கு முன்னும் பின்னும்: வீட்டுப் பெரியவர்களைக் காப்பது எப்படி?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. ஆட்டோவில் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவந்து, மூலப்பத்திரத்தை என் மேசையில் வைத்து, "வீட்டை என் பேருக்கு எழுதித் தர்றாங்க" என்று மகன்மார் சொல்வது இங்கே அன்றாடம். பெரும்பாலும் அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் முதியோர் கொடுமை என்றால் அடி உதை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

வந்தவர்களில் மகனை ஏதாவது ஜெராக்ஸ் எடுத்துவர அனுப்பிவிடுவேன். அவர் போனதும் பெரியவரிடம் கேட்பேன்: "அய்யா, இதுல கையெழுத்துப் போட்டா இன்னைக்கே வீடு உங்க பேர்ல இருக்காது. தெரியும்ல?" பலர், "எனக்கு அப்புறம்தானே அவனுக்கு?" என்பார்கள். அப்படியானால் அவருக்கு வேண்டியது உயில், உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் தான செட்டில்மெண்ட் அல்ல. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், சாட்சி இரண்டு பேர் போதும், பதிவு கட்டாயமில்லை (செய்துவிடுவது நல்லது), மனசு மாறினால் மாற்றியும் எழுதலாம். செட்டில்மெண்ட் பதிவானதும் உரிமை கைமாறிவிடும். பிறகு மகன் அதை அடமானம் வைக்கலாம், விற்கலாம்.

மகனுக்குக் கடன் வாங்க வேண்டும், செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்கிறீர்களா? சரி. ஆனால் இரண்டு வரிகளைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வரி: "நானும், எனக்குப் பின் என் மனைவியும், எங்கள் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் குடியிருந்து அனுபவித்து வருவோம்." இதில் மனைவியைத்தான் முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். வீடு கணவர் பேரில், எழுதிக் கொடுத்தவரும் அவர், முதலில் போய்ச் சேருகிறவரும் அவர். மிச்சமிருக்கும் அம்மாவுக்கு அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துகூட இருக்காது.

இரண்டாவது வரி: "செட்டில்மெண்ட் பெறுபவர் என் ஆயுள் முழுவதும் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் இதை ரத்து செய்துகொள்ள எனக்கு உரிமை உண்டு." 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு கைவிட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஒரு மத்தியப் பிரதேசத் தாயின் வழக்கில், சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. அங்கேயும் அவருக்குக் கைகொடுத்தது, கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் எழுதிக்கொடுத்திருந்த தனிக் காகிதம். கோர்ட் எப்படிப் பார்க்குமோ என்று பின்னால் கவலைப்படுவதைவிட இன்றைக்கு ஒரு வரி எழுதிவிடலாம். பத்திரம் எழுதுகிறவர் பழைய நகலைப் பார்த்து "எக்காலத்தும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை" என்று பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார். படித்துக் காட்டச் சொல்லி, அதை நீக்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கில் மகளையோ மகனையோ சேர்க்கும்போது படிவத்தில் ஒரு டிக் தான் வித்தியாசம். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டுமே. பென்ஷன் கணக்குக்கு ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது, கடைசியாக எப்போது பாஸ்புக் பதிந்தார்கள் என்று உறவினர்கள் அவ்வப்போது கேட்பதில் தப்பில்லை.

இனி வீட்டுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, அடிக்கடி துணி மாற்ற வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது வெளியே தெரியாத கொடுமை. உதடு காய்ந்திருக்கும், பேச்சு குழறும், நமக்கோ "வயசாயிடுச்சுல்ல" என்று தோன்றும். குதிகால், இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டு முடியும் இடம், இரண்டையும் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் அங்கேதான் வரும். எப்போது போனாலும் அரைமயக்கத்தில் இருந்தால் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு கன்றிய தழும்பை வைத்து மட்டும் யாரையும் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம், வயதானவர்களின் தோல் லேசில் கன்றும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் லேசில். இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம். எதைக் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவரே பதில் சொன்னால், அவர் இல்லாத நேரத்தில் ஒருமுறை போங்கள்.

பார்த்துக்கொள்கிறவரையும் விசாரியுங்கள். ஒரே மருமகள் இரவும் பகலும் தூக்கமில்லாமல் பார்க்க, மற்ற பிள்ளைகள் வீடியோ காலில் யோசனை மட்டும் சொல்லும் வீட்டில் எரிச்சல் கையில் இறங்க ரொம்ப நாள் ஆகாது. மாதத்தில் சில நாளாவது முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிலைமை கைமீறிவிட்டதா? 14567 என்ற எண், முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம். அடி, பூட்டிவைப்பது என்றால் யோசிக்காமல் 112. ஜீவனாம்சத்துக்கோ (பிள்ளைகள் தர வேண்டிய மாதாந்தரப் பராமரிப்புப் பணம்) பத்திர ரத்துக்கோ கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு போட வேண்டும், தீர்ப்பாயத்துக்குத் தலைவர் அவர்தான். வெள்ளைத்தாளில், யார், எப்போதிலிருந்து, என்ன செய்யவில்லை, எவ்வளவு வேண்டும் என்று எழுதினால் போதும். ஆதார் நகல், பத்திர நகல், மருத்துவச் சீட்டு இருந்தால் இணைக்கவும். மகன், மகள் மட்டுமல்ல, வயது வந்த பேரன் பேத்தி மீதும் போடலாம். பிள்ளையில்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாகும் உறவினர் மீது போடலாம். வர முடியாதவருக்காக அவர் அனுமதித்த இன்னொருவர் மனு கொடுக்கலாம். ஜீவனாம்சம் சட்டப்படி அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி, தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். உத்தரவு திருப்தியில்லை என்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. மனுவைக் கொடுத்ததும் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கி, அந்தப் பிரதியை அதே வீட்டில் வைக்காமல் நம்பகமான வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள்.