கடகடக்கும் ஸ்பானியச் சொற்களை ஆங்கிலமாக்குவது எப்படி?

ஓசையையும் குலுங்கும் ஆட்டத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது ஸ்பானிய மொழியின் வழக்கம். ஆங்கிலத்திலோ பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். புதிதாக மொழிபெயர்ப்பவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான்.

படி 1: சொல்லின் இறுதியைப் பாருங்கள்.
‘கோல்ப்பே’ என்றால் அடி. ‘கோல்ப்பெயார்’ என்றால் அடித்தல். ‘கோல்ப்பெத்தெயார்’ என்றால் லேசாகத் திரும்பத் திரும்பத் தட்டுதல். ‘எத்தெயார்’ என்று முடிந்தால் செயல் அடுக்கடுக்காக நிகழ்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் ‘கிளாட்டர்’, ‘சாட்டர்’, ‘ராட்டில்’ ஆகியவற்றின் இறுதியும் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே ஒற்றை ஓசையைக் குறிக்கும் ‘பேங்’ இங்கே பொருந்தாது.

படி 2: ஓசையா, ஆட்டமா என்று முடிவு செய்யுங்கள்.
கடகடப்பு, குலுக்கல் இரண்டையும் குறிக்கும் ‘த்ராக்கெத்தேயோ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ரயிலின் த்ராக்கெத்தேயோவைக் கேட்டபடியே பயணி கண்ணயர்ந்தார் என்றால் ‘ராட்டில்’ அல்லது ‘கிளாட்டர்’ சரியாக வரும்; மேடுபள்ளமான சாலையில் வண்டியின் த்ராக்கெத்தேயோவால் முட்டைகள் உடைந்தன என்றால் குலுக்கலைக் குறிக்கும் ‘ஜோல்ட்டிங்’ என்றே எழுத வேண்டும், ஏனெனில் முட்டையை உடைத்தது சத்தமன்று. ‘சாரந்தெயார்’ என்பது பிடித்து உலுக்குவதை மட்டுமே சொல்வதால், அதற்கு ‘ஷேக்’ போதும்.

படி 3: ஒலிப்பது எது என்று கேளுங்கள்.
பற்கள் ‘காஸ்தான்யெத்தெயார்’ செய்தால், அதாவது ஒன்றோடொன்று அடித்துக்கொண்டால், ஆங்கிலத்தில் அவை ‘சாட்டர்’ செய்யும். அடுக்கடுக்காக ஒலிப்பதைக் குறிக்கும் ‘ரெப்பிக்கெத்தெயார்’ மழைக்கு வந்தால் ‘பாட்டர்’, கோயில் மணிக்கு வந்தால் ‘பீல்’. எனக்கு மிகவும் பிடித்தது ‘சாக்கொலொத்தெயார்’: ஆணி கழன்று தளர்ந்துபோன குதிரை லாடம் எழுப்பும் சத்தத்துக்கென்றே உள்ள சொல் அது. வெறும் ‘கிளாட்டர்’ என்றால் அந்தத் தளர்ச்சி காணாமல் போகும்; ‘லூஸ்’ என்ற அடைமொழியை லாடத்துக்குச் சேர்த்துவிடுங்கள்.

படி 4: பெயர்ச்சொற்களில் எச்சரிக்கையாக இருங்கள்.
‘சோனஹேரோ’ என்பது குழந்தையின் கிலுகிலுப்பை. அதற்கு ‘ராட்டில்’ என்பதே நேரான சொல். ‘காஸ்காபேல்’ என்பது உள்ளே குண்டு உருளும் சிறு மணி; ஆனால் ‘செர்ப்பியெந்தே தெ காஸ்காபேல்’ என்று வந்தால் மணியை மறந்துவிட்டு ‘ராட்டில்ஸ்நேக்’ என்று எழுதுங்கள். ‘மாத்ராக்கா’ என்பது ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் தேவாலய மணிகள் மௌனம் காக்கும் நாட்களில் சுழற்றப்படும் மரக்கருவி. அதை ‘வுடன் ராட்டில்’ எனலாம். ‘தார் லா மாத்ராக்கா’ என்ற தொடரிலோ கருவியும் இல்லை, கடகடப்பும் இல்லை. ஒருவர் விடாமல் நச்சரிக்கிறார், அவ்வளவே. அங்கே ‘பெஸ்டர்’ என்று எழுதுங்கள்.